காயத்துக்குச் சாட்சி யார்?



நான் ஜொகூர் மாநிலத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆசிரியன். ஆண்டுக்கு ஒரு முறை மேல்வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வருவது எங்கள் பள்ளியின் வழக்கம். தேக்கா சந்தை, செராங்கூன் சாலை, வீரமாகாளியம்மன் கோயில், கேம்பல் சந்தில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் ஆகிய இடங்களைப் பார்த்துவிட்டு, ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மர நிழலில் பிள்ளைகளை உட்கார வைப்பேன். கட்டுச்சோறு சாப்பிடும் நேரத்தில், அந்த மண்ணில் நடந்ததைச் சொல்வேன்.

சென்ற முறை அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, “சார், சண்டையில அடிபட்டவங்களுக்கெல்லாம் மெடல் குடுத்தாங்களா?” என்று கேட்டாள்.

சிறிய கேள்விதான். ஆனால் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரே சொல்லில் விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்று அவளுக்குச் சொல்ல முடியாமல் போன விடையை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு எங்கள் தோட்டத்துத் தாத்தா ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். பிள்ளைகள் அவரைச் ‘சிப்பாய்த் தாத்தா’ என்று அழைப்பார்கள். வலது தொடையின் பின்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு. மழைக்காலம் வந்தால் அந்தக் கால் வீங்கிக்கொள்ளும். மேட்டு நிரையில் ஏற முடியாமல், பள்ளத்து நிரையைக் கேட்டு வாங்கி வெட்டுவார் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அவர் 1943ஆம் ஆண்டில், இருபது வயதுகூட நிரம்பாத பருவத்தில், நேதாஜியின் படையில் சேர்ந்தவர். பர்மாப் போர்முனையில் பீரங்கிக் குண்டின் சிதறல் அவர் தொடையில் பாய்ந்தது. ஒரு துண்டை எடுத்தார்கள். மற்றொரு துண்டு கடைசிவரை உள்ளேயே தங்கிவிட்டது.

கள்ளுக்கடைப் பக்கம் போனால் இளவட்டங்கள் அவரைச் சீண்டுவார்கள். “தாத்தா, வீரன்னா நெஞ்சில இல்ல காயம் இருக்கணும்? உங்களுக்குப் பின்னால பட்டிருக்கே! ஓடும்போது பட்டதா?” என்பார்கள். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சிரிப்பின் பின்னால் இருந்த வேதனை, 2000ஆம் ஆண்டில்தான் எனக்குத் தெரிய வந்தது.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்துவிட்டுப் புதிதாக வேலையில் சேர்ந்திருந்தேன். ஒரு மாலை நேரத்தில் தாத்தா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “வாத்தியாரே, எனக்கு ஒரு கடுதாசி எழுதித் தரணும். காசு வேணாம், பென்சனும் வேணாம். இந்தக் காயம் சண்டையில பட்டதுன்னு மேலிடத்தில யாராச்சும் ஒரு தாளில எழுதிக் குடுத்தாப் போதும். ஒரு மெடலும் குடுத்தா இன்னும் நல்லது” என்றார்.

நேயர்களே, ஒரு முதியவர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஏன் இப்படிக் கேட்க வேண்டும்? காயத்துக்கும் கௌரவத்துக்கும் என்ன தொடர்பு? இதை நாம் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

போரில் பட்ட காயத்தைப் பெருமையாக எண்ணுவது தமிழருக்குப் புதிதன்று. முகத்திலும் மார்பிலும் பட்ட காயத்தை நம் முன்னோர் ‘விழுப்புண்’ என்று சிறப்பித்தார்கள். திருக்குறளில் படைச்செருக்கு என்று ஓர் அதிகாரமே உண்டு. முதுகில் பட்ட காயம் ‘புறப்புண்’. அது இழுக்கு. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருத சேர மன்னன் பெருஞ்சேரலாதன், தன் முதுகில் புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான் என்று சங்கப் பாடல்களால் அறிகிறோம். இத்தனைக்கும் அவன் ஓடியவன் அல்லன். மார்பில் பாய்ந்த வேல் முதுகில் ஊடுருவியது. அப்படியிருந்தும் அவன் மனம் ஒப்பவில்லை.

வாளும் வேலும் கொண்டு நேருக்கு நேர் நின்று போரிட்ட காலத்தில் பிறந்த நியாயம் அது. பீரங்கிக் குண்டுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. ஐந்து கல் தொலைவிலிருந்து வந்து, விழுந்த இடத்தைச் சுற்றி எட்டுத் திசையிலும் சிதறுகிறது. அந்தக் காலத்துப் போருக்குப் பிறந்த அளவுகோலை வைத்துத்தான் எங்கள் தோட்டத்து இளவட்டங்கள் ஒரு முதியவரை அளந்தார்கள்.

இக்காலத்து அரசுகள் காயத்தை எப்படி அளக்கின்றன? முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். வீரப் பதக்கம் வேறு. காயப் பதக்கம் வேறு.

வீரப் பதக்கம் ஒருவர் செய்த செயலுக்காகத் தரப்படுவது. அதற்கு மேலதிகாரி பரிந்துரை செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, சென்னைச் சுரங்கப் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியனைச் சொல்லலாம். 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற ஊருக்கு அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தம் உடலையே கவிழ்த்து, உடன் வந்தவர்களைக் காப்பாற்றி உயிர் நீத்த தமிழர் அவர். அவர் மறைவுக்குப் பின் ஜார்ஜ் சிலுவை என்னும் உயரிய விருது வழங்கப்பட்டது. அதைக் கண்டவர்கள் இருந்தார்கள், எழுதி அனுப்பினார்கள், விருது வந்தது.

காயப் பதக்கத்துக்கோ பரிந்துரை தேவையில்லை. எதிரியின் தாக்குதலால் காயம் பட்டது என்பது உறுதியானால், அது அந்தப் போர்வீரரின் உரிமை. அமெரிக்காவின் ‘ஊதா இதயம்’ என்னும் பதக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1782ஆம் ஆண்டில் ஜார்ஜ் வாஷிங்டன், சிறந்த பணிக்கு அடையாளமாக ஊதா நிறத் துணியால் ஆன இதய வடிவத்தைச் சட்டையில் தைத்துக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்தினார். பிறகு அது மறக்கப்பட்டது. வாஷிங்டன் பிறந்த இருநூறாம் ஆண்டு நிறைவு நாளான 1932 பிப்ரவரி 22 அன்று அதற்குப் புத்துயிர் தரப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் நடுவிலிருந்து, காயமுற்றவர்களுக்கும் மாண்டவர்களுக்கும் மட்டுமே அது உரியதாயிற்று.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. 1916ஆம் ஆண்டில், காயம் பட்ட வீரர் தம் இடக்கைச் சட்டையில் பொன்னிறக் கோடு ஒன்றைத் தைத்துக்கொள்ளலாம் என்று ஆணையிட்டது. அதே ஆண்டில், காயத்தாலோ நோயாலோ படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு வெள்ளிச் சின்னம் ஒன்றையும் வழங்கியது. காரணம் என்ன தெரியுமா? சீருடை இல்லாமல் தெருவில் நடக்கும் இளைஞனைக் கண்டால், ‘போருக்கு அஞ்சி ஒளிந்தவன்’ என்று சொல்லி வெள்ளை இறகைக் கையில் திணிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. கைகால் ஊனமாகித் திரும்பியவர்களும் அந்த அவமானத்துக்குத் தப்பவில்லை. அதைத் தடுக்கவே அந்தச் சின்னம். பாருங்கள், லண்டன் தெருவுக்கும் எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கும் அதிக தூரமில்லை!

இந்தியக் குடியரசும் போரில் காயம் பட்டவர்களுக்கென 1973ஆம் ஆண்டில் ஒரு பதக்கத்தை ஏற்படுத்தியது. ‘பராக்கிரம பதக்கம்’ என்று அது இப்போது அழைக்கப்படுகிறது. எதிரியின் நேரடித் தாக்குதலால் காயம் பட்டிருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை விதி.

இந்தப் பதக்கங்களில் எதுவும் காயம் மார்பில் பட்டதா, முதுகில் பட்டதா என்று கேட்பதில்லை. ஆனால் வேறொரு கேள்வியைக் கேட்கின்றன. ‘சாட்சி எங்கே?’ என்பதே அந்தக் கேள்வி.

காயம் எதிரியால் பட்டதா, விபத்தா? மருத்துவர் பார்த்தாரா? பார்த்ததை எழுதி வைத்தாரா? அந்த ஏடு இன்று இருக்கிறதா? இந்த நான்கு வாயிலையும் கடந்தால்தான் பதக்கம். போர்க்களத்தில் மருத்துவர் ஊசி போடுவாரா, பேரேடு எழுதுவாரா? எழுதினாலும் அந்த ஏடு தீயில் வேகாமல் இருக்குமா? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே இருந்த படைப் பதிவேட்டு நிலையத்தில் 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்தது. ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் கோப்புகள் சாம்பலாயின. அமைதிக் காலத்தில், பெரிய கட்டடத்தில், பாதுகாப்பாக வைத்திருந்த தாள்களுக்கே அந்தக் கதி. அதன்பின் அவர்களில் பலர் தம் காயத்தை நிறுவ, பழைய கடிதங்களையும், மருத்துவமனைச் சீட்டுகளையும், உடனிருந்த தோழர்களின் வாக்குமூலத்தையும் தேடி அலைய நேர்ந்தது.

ஹென்றி ஜான்சன் என்ற கறுப்பின வீரரின் கதை இதற்குச் சான்று. 1918ஆம் ஆண்டு பிரான்சில், இரவுக் காவலில் இருந்தபோது ஜெர்மானியப் படையினர் சூழ்ந்துகொண்டனர். உடலில் இருபத்தொரு காயங்கள் பட்ட பின்னும் போராடித் தோழரைக் காப்பாற்றினார். பிரெஞ்சு அரசு உடனே விருது தந்தது. அவருடைய சொந்த நாட்டுப் படை தந்த விடுவிப்புச் சீட்டிலோ காயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1929இல் வறுமையில் இறந்தார். ஊதா இதயம் 1996இல் வந்தது. அமெரிக்காவின் மிக உயரிய வீரப் பதக்கம் 2015இல் வந்தது. வாங்கிக்கொள்ள அவர்தான் இல்லை.

இனி, நம் சிங்கப்பூருக்குத் திரும்புவோம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17 அன்று, பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஏறக்குறைய 45,000 வீரர்கள் ஃபேரர் பார்க் திடலில் கூட்டப்பட்டனர். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். அவர், இந்திய விடுதலைக்கென ஒரு படை அமைக்கப் போவதாக அறிவித்து, கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். சிலர் சேர்ந்தனர். சிலர், ‘எடுத்த உறுதிமொழியை மீற மாட்டோம்’ என்று மறுத்தனர். மறுத்தவர்களில் பலர் நியூகினிக் காடுகளில் கூலிகளாக வேலை வாங்கப்பட்டு மாண்டார்கள்.

ஒரே திடல். ஒரே நாள். தோளோடு தோள் நின்றவர்கள் இரண்டு வழியாகப் பிரிந்தார்கள். யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் சீன மக்கள் பட்ட பாட்டையும், சயாம் மரண ரயிலில் நம் தோட்டத்து மக்கள் மாண்டதையும் நாம் மறந்துவிடக் கூடாது. ஆயினும் காயம் என்ற கணக்கில் இரண்டு பக்கமும் சிந்தியது இரத்தந்தான்.

1943 ஜூலை 4 அன்று கேத்தே கட்டடத்தில் சுபாஷ் சந்திர போஸ் இயக்கத்தின் தலைமையை ஏற்றார். மறுநாள் பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். அக்டோபர் 21 அன்று அதே கேத்தேயில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. இங்கே மருத்துவராக இருந்த, சென்னையில் பிறந்த லட்சுமி அதன் தலைவியானார். அதற்குமுன் போர் என்றால் என்னவென்று அறியாத தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சேர்ந்த பொதுமக்களில் பெரும்பாலோர் தமிழர்களே. எங்கள் தாத்தாவும் அவர்களில் ஒருவர்.

அந்தப் படைக்கும் பதக்கங்கள் இருந்தன. ‘சர்தாரே ஜங்’, ‘வீரே ஹிந்த்’, ‘ஷஹீதே பாரத்’ என்று பெயர்கள். 1944 ஏப்ரல் 14 அன்று மணிப்பூரில் மொய்ராங் என்ற ஊரில் கொடியேற்றிய கர்னல் சௌகத் மாலிக்குக்கு நேதாஜி சர்தாரே ஜங் விருது தந்தார். ஆனால் கொடுத்த அரசு மறைந்தபோது, அந்தப் பதக்கங்களுக்கும் செல்வாக்கு இல்லாமல் போயிற்று. பிரிட்டிஷ் படையில் இருந்தவருக்குப் பதிவேடு உண்டு. ஊனத்துக்கு உதவித்தொகை கேட்க ஓர் அலுவலகமாவது உண்டு. நேதாஜி படையின் சாதாரணச் சிப்பாய்க்கு எதுவும் இல்லை.

1945இன் தொடக்கத்தில் ஐராவதி நதிக்கரையிலும் பொப்பா மலைப் பகுதியிலும் அந்தப் படை பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்றது. அங்கேதான் தாத்தாவுக்குக் காயம் பட்டது. மாட்டு வண்டியிலும் லாரியிலுமாக அவரை ரங்கூன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நேதாஜி ரங்கூனை விட்டுப் புறப்பட்டபோது, அங்கே எஞ்சிய சில ஆயிரம் வீரர்களுக்குப் பொறுப்பாக மேஜர் ஜெனரல் லோகநாதனை விட்டுச் சென்றார். லோகநாதன் ஒரு தமிழர், மருத்துவர். மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷார் நகருக்குள் நுழைந்தார்கள். “அதுக்கு முந்தின ராத்திரி காகிதத்தையெல்லாம் குமிச்சு வச்சுக் கொளுத்தினாங்க வாத்தியாரே. என் பேர் எழுதின சீட்டும் அதில போச்சு. கட்டில்ல படுத்துப் பார்த்துக்கிட்டே இருந்தேன்” என்று தாத்தா சொல்வார்.

சிங்கப்பூரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1945 ஜூலை 8 அன்று, இப்போது எஸ்பிளனேட் பூங்கா இருக்கும் கடற்கரையில், மாண்ட வீரர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப நேதாஜி அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் மவுண்ட்பேட்டனின் ஆணைப்படி அது தகர்க்கப்பட்டது. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, பெயரும் பெருமையும் எழுதியவர்கள் நம் முன்னோர். அந்தக் கல்லை நடும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. அந்த மரபில் வந்தவர்களின் கல் இரண்டு மாதந்தான் நின்றது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995ஆம் ஆண்டில், சிங்கப்பூர் தேசிய மரபுடைமைக் கழகம் அதே இடத்தில் ஒரு நினைவுப் பலகையை நிறுவியது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லாமல் நான் ஊர் திரும்புவதில்லை. அதேபோல் மற்றப் பக்கம் நின்றவர்களுக்குக் கிராஞ்சியில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதன் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் நம் பெயர்களும் ஏராளம். இரண்டையும் காட்டினால்தான் பாடம் முழுமை பெறும்.

சரி, தாத்தாவின் கடிதத்துக்கு வருவோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினோம். நான்கு மாதம் கழித்து இரண்டே வரியில் பதில் வந்தது. படையில் பணியாற்றியதற்கும் காயம் பட்டதற்கும் ஆவணச் சான்று இணைத்து மீண்டும் விண்ணப்பிக்கவும் என்று இருந்தது. தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வேட்டியைச் சற்றுத் தூக்கித் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “இதவிட வேற என்ன ஆவணம் வேணுமாம்?” என்று கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன்.

நேயர்களே, அலுவலகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சான்று கேட்காமல் தந்தால், போருக்கே போகாதவரும் வந்து வரிசையில் நிற்பார். அது உண்மையில் இரத்தம் சிந்தியவருக்குச் செய்யும் துரோகம். அதே வேளையில், எரிந்துபோன தாளை ஏழையிடம் கேட்பதும் நியாயமாகாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறதா?

இருக்கிறது. இந்திய அரசு 1972 ஆகஸ்ட் 15 முதல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சிறை சென்றவர்களோடு, துப்பாக்கிச் சூட்டிலும் தடியடியிலும் நிரந்தர ஊனமுற்றவர்களும் அதற்கு உரியவர்கள். நேதாஜி படையினரையும் அத்திட்டம் ஏற்றுக்கொண்டது. அங்கேயும் சான்று இல்லை என்று பலருடைய மனுக்கள் தள்ளப்பட்டன. சிலர் உச்ச நீதிமன்றம்வரை சென்றனர். முகுந்த் லால் பண்டாரி என்பவர் தொடர்ந்த வழக்கில், காலங்கடந்து வந்தது என்பதற்காக மட்டும் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று 1993இல் நீதிமன்றம் கூறியது. குர்தியால் சிங் என்பவரின் வழக்கில் 2001இல், இத்தகைய மனுக்களில் குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கச் சொல்லக் கூடாது, நடந்திருக்கக்கூடியது என்று நம்பத் தக்க சான்று போதும் என்று தெளிவுபடுத்தியது. அந்தத் திட்டம் மலேசியக் குடிமகனான எங்கள் தாத்தாவுக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. அந்த நியாயம் எல்லா நாட்டுக்கும் பொருந்தும்.

நம்பத் தக்க சான்று எது? உடனிருந்தவரின் வாக்கு. அந்த எண்ணத்தோடு 2001ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் தாத்தாவை அழைத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வந்தேன். அவருடைய பிளட்டூனில் இருந்த ஒருவர் தேக்கா பக்கம் இருப்பதாகக் கேள்வி. செராங்கூன் சாலையில் பழைய கடை ஒவ்வொன்றாக ஏறி விசாரித்தோம். மாலையில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கதவைத் தட்டினோம். கதவைத் திறந்த முதியவர் தாத்தாவை ஏற இறங்கப் பார்த்தார். முகம் பார்த்து அடையாளம் தெரியவில்லை. நடையைப் பார்த்ததும், “அட, தம்பி! காலு இன்னும் இருக்காடா?” என்றார். இருவரும் வெகுநேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் மெல்ல விஷயத்தைச் சொன்னேன். தோட்டத்தில் இளவட்டங்கள் கேட்பதையும் சொன்னேன். அந்தப் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. “யாரு ஓடினது? நாங்க குழிக்குள்ள குப்புறப் படுத்திருந்தோம். குண்டு எங்களுக்குப் பின்னால விழுந்துச்சு. குப்புறப் படுத்தவனுக்கு முதுகிலயும் தொடையிலயும் படாம நெஞ்சிலயா படும்? எழுதுங்க வாத்தியாரே, நான் கையெழுத்துப் போடறேன்” என்றார்.

எழுதினேன். எந்த மாதம், எந்த இடம், யார் படைப்பிரிவு, எப்படிப் படுத்திருந்தார்கள், யார் வண்டியில் ஏற்றியது என்று இரண்டு பக்கம். அவர் கையெழுத்திட்டார். அவர் மகனும் நானும் சாட்சியாகக் கையெழுத்திட்டோம். படியெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினோம். அதற்குப் பதில் வரவில்லை. பதக்கமும் வரவில்லை.

ஆனால் ஊர் திரும்பிய மறுநாள், காலைப் பொதுக்கூட்டத்தில் எங்கள் தலைமையாசிரியர் அந்தத் தாளைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார். பெரியவர்களும் வேலிக்கு அப்பால் நின்று கேட்டார்கள். அன்றுமுதல் கள்ளுக்கடைப் பக்கம் அந்தப் பேச்சு எழவில்லை. தாத்தா 2003ஆம் ஆண்டு காலமானார். இன்று அந்தத் தோட்டம் பாதிக்கு மேல் வீடமைப்புக்குப் போய்விட்டது. பள்ளி வேறு இடத்துக்கு மாறிவிட்டது. கண்ணாடி அலமாரியும் அதிலுள்ள தாளும் பள்ளியோடு சேர்ந்து வந்துவிட்டன.

2019ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று, டில்லியில் நடந்த குடியரசு தின அணிவகுப்பில் நேதாஜி படையின் முதிய வீரர்கள் நால்வர் முதன்முறையாகப் பங்கேற்றனர். எல்லாரும் தொண்ணூறு வயதைக் கடந்தவர்கள். திறந்த வண்டியில் அவர்கள் வணக்கம் செலுத்திக்கொண்டு போனதை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். மகிழ்ச்சியாக இருந்தது. பதினாறு ஆண்டு முந்தியிருந்தால் எங்கள் தாத்தாவும் பார்த்திருப்பாரே என்ற எண்ணமும் வந்தது.

அந்த மாணவிக்கு என் விடை இதுதான். அடிபட்ட எல்லாருக்கும் பதக்கம் கிடைக்கவில்லை, அம்மா. காயம் உடலில் எழுதப்படுகிறது. பதக்கம் தாளில் எழுதப்பட்டதைப் பார்த்துத்தான் வருகிறது. தாளில் எழுதும் வேலையைச் செய்ய வேண்டியவர்கள் அரசு மட்டுமல்லர்; நாமும்தான்.

ஆகவே நேயர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தொண்ணூறு வயதைத் தாண்டிய பெரியவர் இருந்தால், இன்றிரவே அருகில் உட்காருங்கள். போர்க்காலத்தில் எங்கே இருந்தார், என்ன பட்டார், உடன் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். ஆண்டையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். பழைய படம், சீட்டு, கடிதம் எதையும் எறிந்துவிடாதீர்கள். மூலத்தைப் பத்திரப்படுத்தி, படியை மட்டும் வெளியே கொடுங்கள். சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டு முதலே வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வருகிறார்கள். அந்த ஒலிப்பதிவுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஜப்பானியர் காலத்தைக் கண்டவர்களின் குரல்களை அங்கே கேட்கலாம். பெரியவர் மறைந்துவிட்டார் என்றால், அவர் சொல்லக் கேட்டவர்களையாவது கேட்டு எழுதி வையுங்கள்.

அரசு தரும் பதக்கம் வரலாம், வராமலும் போகலாம். நம் கையால் எழுதும் இரண்டு பக்கம் வராமல் போக நியாயமில்லை. எங்கள் தாத்தா கேட்டதும் ஒரு தாள்தானே!